ரூகர் 10/22-ல் வெளிக்கம்பெனி மேகசின் சிக்குகிறதா? கோளாறைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

டெக்சஸில் நாங்கள் வழக்கமாகப் போகும் ரேஞ்சில், பக்கத்து மேசையில் இருந்த தம்பி ஒருவன் பத்து நிமிடத்தில் ஏழாவது முறையாக, முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இழுத்துச் சிக்கிய தோட்டாவை எடுத்துக்கொண்டிருந்தான். ரைபிள் ரூகர் 10/22. மேகசின் மூன்றும் வெளிக்கம்பெனி தயாரிப்பு, ஒவ்வொன்றும் 25 தோட்டா பிடிக்கும்.

"அண்ணே, பேரலையே மாத்திடலாம்னு இருக்கேன். சேம்பர் சரியில்ல போல" என்றான். பேரல் என்பது துப்பாக்கிக் குழல், சேம்பர் அதன் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை.

அவன் ஒதுக்கிப் போட்டிருந்த தோட்டாக்களை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஏழிலும் ஈயக்குண்டின் அடிப்பக்கத்தில் பிறை மாதிரி ஒரே இடத்தில் ஒரு வெட்டு. "இந்த ஏழும் எந்த மேகசின்லருந்து வந்துச்சு தம்பி?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. மூன்றும் ஒரே கறுப்பு, ஒரே அச்சு. மூன்றையும் கலந்து கலந்து போட்டுக்கொண்டிருந்தான்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். தோட்டா ஏறாமல் போவதற்குக் காரணம் மேகசினாக இருக்கலாம், தோட்டாவாக இருக்கலாம், ரைபிளாக இருக்கலாம். எது என்று பிரித்து அறியும் முன்னால் அரத்தையோ பர்ஸையோ கையில் எடுக்காதீர்கள்.

தொடங்கும் முன்

10/22 சுடுவது .22 எல்ஆர் (லாங் ரைபிள்) தோட்டா. அதில் பற்றவைக்கும் மருந்து நடுவில் இல்லை, அடி விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. அந்த விளிம்பை எந்தப் பக்கம் நசுக்கினாலும் வெடிக்கக்கூடும். ஆகவே சிக்கிய தோட்டாவை இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. பாதி மூடிய போல்ட்டை உள்ளங்கையால் தட்டி மூடவும் கூடாது. மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பூட்டுங்கள், துப்பாக்கியின் வாய் இலக்குத் திசையிலேயே இருக்கட்டும். பிறகு மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ தோட்டாவை வெளியே தள்ளுங்கள்.

டிரிகர் இழுத்தும் வெடிக்காவிட்டால், வாயை இலக்குப் பக்கம் வைத்தபடி 30 வினாடி காத்திருந்து பிறகு போல்ட்டைத் திறங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து 'புஸ்' என்று கேட்டால் சுடுவதை உடனே நிறுத்துங்கள். துப்பாக்கியை முழுக்கக் காலி செய்துவிட்டு, பேரலுக்குள் குண்டு நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது.

நிஜத் தோட்டாவை வைத்து வீட்டு மேசையில் ஏற்றிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். வீட்டில் மருந்தில்லாத டம்மி தோட்டா, ரேஞ்சில் நிஜத் தோட்டா. கண்ணாடி இரண்டு இடத்திலும் உண்டு, ஏனென்றால் மேகசின் ஸ்பிரிங் துள்ளினால் நேராக முகத்துக்குத்தான் வரும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்குத் தடை உண்டு. கனடாவில் 10/22-ன் 25 தோட்டா மேகசின் தடைசெய்யப்பட்ட பொருள். அதே மேகசின் ரூகரின் சார்ஜர் கைத்துப்பாக்கிக்கும் பொருந்தும் என்பதே அதற்குக் காரணம்.

கம்பெனி மேகசின் ஏன் சிக்குவதில்லை

10/22 வந்தது 1964-ல். அதன் 10 தோட்டா மேகசின் சுழலும் வகை. உள்ளே ரோட்டர் என்ற பல்சக்கரம் மாதிரி ஒன்று, அதன் பள்ளம் ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டா. ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் விளிம்போடு மாட்டிக்கொள்ள அங்கே வழியே கிடையாது. தோட்டா வெளியேறும் வாயின் இரு உதடுகளும் எஃகு.

25 தோட்டா நீள மேகசின் வேறு ஜாதி. அதில் தோட்டாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. .22 எல்ஆர் தோட்டாவின் உலோகக் கூட்டின் உடல் விட்டம் சுமார் 5.7 மி.மீ., விளிம்பின் விட்டம் சுமார் 7 மி.மீ. அடிப்பக்கம் தடித்த இந்த உருவத்தை அடுக்கினால் அடுக்கு நேராக நிற்காது, வளையும். மேகசின் வாழைப்பழம் மாதிரி வளைந்திருப்பது அதனால்தான். அந்த வளைவு கொஞ்சம் பிசகினாலும் மேல் தோட்டாவின் மூக்கு தப்பான கோணத்தில் நிற்கும்.

ரூகரே 25 தோட்டா மேகசினை 2011-ல்தான் பிஎக்ஸ்-25 என்ற பெயரில் கொண்டுவந்தது. அதுவரை நீள மேகசின் வேண்டியவர்களுக்கு வெளிக்கம்பெனிதான் வழி. அவற்றில் நன்றாக ஓடுவதும் உண்டு, முதல் நாளே படுத்துவதும் உண்டு. ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும்.

படி 1: எண் போடுங்கள், நோட்டுப் போடுங்கள்

வெள்ளை பெயின்ட் மார்க்கரால் ஒவ்வொரு மேகசினின் அடியிலும் 1, 2, 3 என்று எழுதுங்கள். கம்பெனியின் 10 தோட்டா மேகசினுக்கு 'க' என்று போடுங்கள். ஒரு சின்ன நோட்டில் மேகசின் எண், தோட்டா வகை, எத்தனையாவது தோட்டா சிக்கியது, எப்படிச் சிக்கியது என்று நான்கு பத்தி.

இதைச் செய்யச் சோம்பல்படுபவர்களே அதிகம். ஆனால் இந்த நோட்டு இல்லாமல் மேலே போனால் ஊகம்தான் மிச்சம். எனக்குத் தெரிந்து பாதிப் பேருக்கு முதல் பக்கம் நிரம்பும்போதே விடை தெரிந்துவிடுகிறது.

படி 2: குற்றவாளி யார்?

முதலில் 'க' மேகசினில் 50 தோட்டா சுடுங்கள். அதுவும் சிக்கினால் வெளிக்கம்பெனி மேகசினைக் குறை சொல்ல வேண்டாம், நேராக ரைபிளைப் பார்க்கப் போங்கள் (படி 7). 'க' சுத்தமாக ஓடினால், அதே தோட்டாவை 1, 2, 3 ஒவ்வொன்றிலும் 50 சுடுங்கள். ஒன்று மட்டும் சிக்கினால் அந்த மேகசினின் தனிக் கோளாறு. மூன்றும் சிக்கினால் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். 40 கிரெய்ன் எடை, உருண்டை மூக்கு, ஹை வெலாசிட்டி என்று எழுதிய தோட்டாவில் இரண்டு பிராண்டு போதும். தட்டை மூக்கும் குழி மூக்கும் சேம்பர் ஓரத்தில் இடிக்க வாய்ப்பு அதிகம், அவற்றைப் பரிசோதனையில் சேர்க்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மேகசினையும் தோட்டாவையும் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

அன்று அந்தத் தம்பியோடு இதைத்தான் செய்தோம். அரை மணி நேரத்தில் 1-ம் 3-ம் தூய்மை. சிக்கல் முழுதும் 2-ல்.

படி 3: சிக்கியதை அசைக்காமல் பாருங்கள்

சிக்கியதும் கை தானாகப் போல்ட்டை இழுக்கும். அந்தப் பழக்கத்தை விடுங்கள். டிரிகரிலிருந்து விரலை எடுத்து, வாயை இலக்குப் பக்கம் வைத்தபடியே, வெற்றுக்கூடு வெளியேறும் ஜன்னல் வழியாக இரண்டு வினாடி பாருங்கள். தோட்டா நிற்கும் நிலையிலேயே பாதி விடை இருக்கிறது.

மூக்கு கீழே சாய்ந்து சேம்பரின் கீழ்விளிம்பில் முட்டி நிற்கிறதா? மேகசின் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங்குக்கு மேலே தோட்டாவைத் தாங்கும் ஃபாலோயர் முன்பக்கம் சாய்கிறது. முன்பு சொன்ன பிறை வெட்டு இதன் கைரேகை.

மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? உதடுகள் அகன்றுவிட்டன. விளிம்பு போல்ட் முகத்தில் ஏறும் முன்பே தோட்டாவை விட்டுவிடுகின்றன.

போல்ட் மூடிவிட்டது, டிரிகர் இழுத்தால் 'க்ளிக்', உள்ளே ஒன்றுமில்லை. மேகசினில் மட்டும் தோட்டா மிச்சம். இதற்கு இரண்டு காரணம் உண்டு. ஸ்பிரிங் சோர்ந்து தோட்டாவை நேரத்துக்கு மேலே தள்ளவில்லை என்பது ஒன்று. தோட்டா பலவீனமாக இருந்து போல்ட் முழுதாகப் பின்னே வரவில்லை என்பது மற்றது. வெற்றுக்கூடு விழும் இடத்தை வைத்துப் பிரிக்கலாம். வழக்கம்போல் தள்ளிப்போய் விழுந்தால் ஸ்பிரிங், காலடியில் சோர்ந்து விழுந்தால் தோட்டா அல்லது அழுக்கு. 10/22-ல் கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் தானாகத் திறந்து நிற்காது என்பதால், 'க்ளிக்' கேட்டதும் மேகசின் காலி என்று நினைத்துப் பலர் இந்தக் கோளாறைக் கவனிப்பதே இல்லை. மேகசினைக் கழற்றி எண்ணுங்கள்.

சுட்ட கூடு ஜன்னலில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்பது பெரும்பாலும் ரைபிளின் பிரச்சினை, மேகசினைத் திட்டிப் பயனில்லை.

எத்தனையாவது தோட்டா சிக்குகிறது என்பதும் முக்கியம். நிரப்பிய மேகசினில் முதல் இரண்டு மூன்று சிக்கினால் உள்ளே அழுத்தம் அதிகம். 25-க்கு 23 மட்டும் நிரப்பிப் பாருங்கள். கடைசி இரண்டு மூன்று சிக்கினால் ஸ்பிரிங் சோர்வு அல்லது ஃபாலோயர் சாய்வு. முதலாவது மட்டும் சிக்கினால் ஒருவேளை உங்கள் கை. போல்ட் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக முன்னே விடாதீர்கள், முழுக்கப் பின்னே இழுத்து அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 4: மேகசின் சரியாக உட்காருகிறதா?

துப்பாக்கி காலி என்று இருமுறை உறுதிசெய்துவிட்டு, போல்ட்டைத் திறந்து பூட்டி, காலி மேகசினைப் போடுங்கள். 'க்ளக்' என்று பூட்டியதும் முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பிறகு 'க' மேகசினைப் போட்டு அதே மாதிரி ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் இரண்டிலும் இருக்கும். வெளிக்கம்பெனி மேகசின் கண்ணுக்குத் தெரியும் அளவு அதிகமாகக் கீழிறங்கினால் அதுதான் காரணம்.

ரேஞ்சில் இன்னொரு சோதனை. சுடும்போது இடது கையால் மேகசினின் அடியை லேசாக மேலே தாங்கிப் பிடியுங்கள். சிக்கல் மறைந்தால் உட்காரும் உயரம்தான் குறை. நேர்மாறாக, நீள மேகசினை மேசையில் ஊன்றிக்கொண்டு சுடுபவர்கள் உண்டு. ஊன்றும்போது மேகசின் பின்னுக்கோ பக்கவாட்டிலோ நெம்பப்பட்டு வாயின் கோணமே மாறுகிறது. மணல்மூட்டையை ஸ்டாக்குக்கு (ரைபிளின் கட்டைக்கு) கீழே கொடுங்கள், மேகசின் காற்றில் தொங்கட்டும்.

ஸ்டாக்கையும் மாற்றியிருந்தால், மேகசின் நுழையும் துளையின் ஓரத்தில் உரசல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். மேகசினைத் தடுப்பது ரைபிளாக இல்லாமல் அந்தப் பிளாஸ்டிக் ஓரமாக இருக்கலாம்.

படி 5: நிரப்பும் விதம்

அடுக்கு வகை மேகசினில் ஒரு பொல்லாத கோளாறு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். போல்ட் தள்ளினாலும் மேல் தோட்டா கீழ்த் தோட்டாவை இழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். ஆங்கிலத்தில் இதை ரிம் லாக் என்பார்கள். தமிழில் விளிம்புப் பூட்டு என்றே சொல்லலாம்.

ஒவ்வொரு தோட்டாவையும் வைக்கும்போது அதன் விளிம்பு, கீழே இருக்கும் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் விழ வேண்டும். கீழ்த் தோட்டாவைக் கட்டை விரலால் லேசாக அழுத்தி, புதியதை முன்னாலிருந்து பின்னோக்கிச் சறுக்கிவிட்டால் இது தானாக அமையும். ஃபாலோயரை அடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு தோட்டாக்களைக் கைப்பிடியாகக் கொட்டி நிரப்பும் வேகக்கருவிகள் இருக்கின்றன. நேரம் மிச்சமாகும், ஆனால் தோட்டாக்கள் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக விழும். பரிசோதனை நடக்கும் நாளில் கையால் மட்டும் நிரப்புங்கள். பாதியிலும் முடிவிலும் மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

நிரப்பும்போதே தோட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். .22 எல்ஆர் ஈயக்குண்டு கூட்டுக்கு வெளியே கூட்டின் அகலத்திலேயே இருக்கும், அதன் மெலிந்த குதிகால் மட்டும்தான் கூட்டுக்குள். அதனால் இந்தப் பிடி மற்றத் தோட்டாக்களைவிட இளகியது. மூக்கை இரண்டு விரலால் மெல்லத் திருகினால் சில சுழலும், சில தலை சாய்ந்திருக்கும். அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

படி 6: பிரிப்பது, கழுவுவது, சரிசெய்வது

குண்டின் மேல் மெழுகு பூசியிருக்கும். அந்த மெழுகோடு எரியாத மருந்துத் துகளும் ஈயத்தூளும் சேர்ந்து மேகசினுக்குள் கறுப்புப் பசையாகப் படியும். இதன் மேல் எண்ணெய் விட்டால் பசை இன்னும் கனக்கும். மேகசினுக்குள் எண்ணெய் வேண்டாம்.

இரண்டு பாதியைத் திருகாணியால் இறுக்கிய மேகசின் என்றால், திறக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஸ்பிரிங்கின் எந்த முனை மேலே, எந்தப் பக்கம் முன்னே என்பது போட்டோவில் தெளிவாகத் தெரிய வேண்டும். தலைகீழாகப் போட்ட ஸ்பிரிங் ஃபாலோயரைச் சாய்க்கும். வெளிக்கம்பெனி சுழல் மேகசின் என்றால் திருகாணியின் நிலையை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு மெல்ல விடுங்கள், முறுக்கிய ஸ்பிரிங் எத்தனை சுற்று அவிழ்கிறது என்று எண்ணுங்கள். மறுபடி அதே அளவு முறுக்க அந்த எண் வேண்டும்.

பிளாஸ்டிக் பாகங்களுக்கு வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். கார் பிரேக் கிளீனர் சில பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். முழுக்கக் காய்ந்த பிறகு பூட்டுங்கள். வழுக்கல் தேவைப்பட்டால், காய்ந்து தூளாக நிற்கும் டெஃப்லான் வகை மட்டும், அதுவும் மிகக் கொஞ்சம். கடைசியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கறுப்பில் ஈயமும் இருக்கிறது. சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியில் இந்த வேலை வேண்டாம்.

பிரித்திருக்கும்போதே உள்சுவரில் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். அச்சிலிருந்து வந்த மெல்லிய வரம்பு நகத்தில் தட்டுப்படும். ஃபாலோயர் போய்வரும் பாதையில் அது இருந்தால் 600 எண் உப்புக்காகிதத்தால் அந்த வரம்பை மட்டும் நீக்குங்கள்.

பூட்டும்போது திருகாணியை மூச்சுப் பிடித்து இறுக்காதீர்கள். இரண்டு பாதியும் நெருங்கிப்போய் ஃபாலோயரைக் கவ்விக்கொள்ளும். தம்பியின் 2-ம் எண் மேகசினில் நடந்தது இதுதான். போன மாதம் கழுவியபோது அதை மட்டும் திறந்திருக்கிறான், திரும்ப முழுப் பலத்தோடு இறுக்கியிருக்கிறான். மேகசினைக் காலி செய்து ஃபாலோயரை விரலால் அழுத்தினோம். பாதிவரை போய் ஒரு கணம் நின்று, பிறகு 'டக்' என்று இறங்கியது. நடுத் திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தினோம். ஃபாலோயர் வெண்ணெயில் கத்தி போல இறங்கி ஏறியது.

உதடுகளைப் பற்றி ஒன்று. நெட்டில் அரம் போடச் சொல்வார்கள், பிளையரால் வளைக்கச் சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன். வெர்னியர் வைத்து ஓடுகிற மேகசினின் உதட்டு இடைவெளியையும் சிக்குகிற மேகசினின் இடைவெளியையும் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அந்த மேகசினை மாற்றிக் கேளுங்கள். அரைத்த பிளாஸ்டிக் திரும்ப வளராது, அரைத்ததை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

படி 7: ரைபிளின் பங்கு

'க' மேகசினும் சிக்கியவர்களுக்கு இது. மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, சேம்பரை நைலான் பிரஷால் துலக்குங்கள். அதன் உள்ளே மெழுகும் கரியும் வளையமாகக் கட்டியிருக்கும். சாதாரண 10/22-ல் போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவர் பின்பக்கம் மூடியது, ஆகவே கிளீனிங் கம்பி பேரலின் வாய் வழியாகத்தான் போகும். வாயின் விளிம்பைக் கம்பி உரசாமல் இருக்க வழிகாட்டிக் குழலைப் பயன்படுத்துங்கள். வெற்றுக்கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் ஊசிமுனைக் குச்சியால் சுரண்டினால் கரி கட்டியாக வரும். அங்கே கரி இருந்தால் விளிம்பு கொக்கிக்குள் நுழையாது, பார்க்க மேகசின் கோளாறு மாதிரியே இருக்கும்.

பேரலை மாற்றி, போட்டிக்கான இறுக்கமான மேட்ச் சேம்பர் போட்டவர்கள் சிசிஐ ஸ்டிங்கர் போன்ற நீளக்கூட்டுத் தோட்டாவைத் தவிர்க்க வேண்டும். அந்தக் கூடு வழக்கமான .22 எல்ஆர் கூட்டைவிட நீளமானது, இறுக்கமான சேம்பரில் பாதுகாப்பாக உட்காராது.

படி 8: தேறியதா?

சரிசெய்த மேகசினில் ஒரே வகைத் தோட்டாவில் 100 தொடர்ந்து சுடுங்கள். ஒன்று சிக்கினாலும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து. நூறும் தாண்டினால் அடியில் தேதி எழுதிப் பையில் வையுங்கள். தம்பியின் 2-ம் எண் அன்று மாலையே தாண்டிவிட்டது, பேரல் பேச்சை அவன் அப்புறம் எடுக்கவில்லை.

கழுவி, திருகாணி பார்த்து, தோட்டா மாற்றி, இரண்டு ரேஞ்ச் நாளுக்குப் பிறகும் சிக்கும் மேகசினுக்கு நான் சிவப்பு டேப் ஒட்டிவிடுவேன். கடை திரும்ப எடுத்துக்கொள்ளும் கெடு தாண்டிப் போயிருந்தால் குப்பையில் போட வேண்டியதுதான். ஆனால் முழுதாகப் போடாதீர்கள், யாராவது எடுத்துப் பயன்படுத்தப் பார்ப்பார்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, இரண்டு உதடுகளையும் கட்டர் வைத்து வெட்டிய பிறகு போடுங்கள்.